விஷமம் என்றால் விஷமில்லை

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் பால் வாங்கப் போனால் இரண்டு பேர், கோயிலுக்குப் போனால் நாலு பேர், ஆய்வகத்துக்குப் போனால் அத்தனை பேரும், "என்ன ஆச்சு, எப்படி ஆச்சு?" என்று கேட்கிறார்கள். அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் முதல் காய்ச்சலிலிருந்து ஆரம்பித்துச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே மறுபடியும் குளிர் எடுத்துவிடும் போலிருக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். கேட்பவர் கையில் இதைக் கொடுத்துவிட்டு நான் பாலோடு வீட்டுக்கு வந்துவிடலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு சிறுநீரகம்தான். பிறக்கும்போது இரண்டு இருந்தன. சில வருஷங்களுக்கு முன் என் கணவர் சங்கரனுக்கு இரண்டும் பழுதாகி, டயாலிசிஸ் நாற்காலியே கதி என்று ஆனபோது என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். அவர் உடம்பில் அது சௌக்கியமாக இருக்கிறது. அவர் மோரில் இன்னொரு சிட்டிகை உப்புப் போட்டால், "அது என் சொத்து, பாத்து உபயோகப்படுத்துங்கோ" என்பேன். "கொடுத்தாச்சில்லையா, இனிமே கேஸ் நிக்காதாக்கும்" என்பார். எங்கள் வீட்டில் இந்த வழக்கு தினமும் விசாரணைக்கு வரும். சிறுநீரகத்தில் தொற்று என்றால் மற்றவர்களுக்கு ஒரு வாரத்துச் சங்கடம். எனக்கோ கையிருப்பே அது ஒன்றுதான்.

இரண்டாவது, என் பிழைப்பு. நான் பிறந்தது திருநெல்வேலி டவுனில். கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்து, இங்கேயே ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவைப் படிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். ஈ.கோலை நம் எல்லோர் குடலிலும் குடியிருக்கிறது. அங்கே இருக்கிறவரை பரம சாது. வழி தவறிச் சிறுநீர்ப் பாதையில் ஏறிவிட்டால் குணம் மாறிவிடும்.

இந்த ஈ.கோலையிடம் சில விஷ மரபணுக்கள் இருக்கின்றன. அந்த விஷம் நம்மைக் கொல்வதற்கு இல்லை, அதற்கே வைத்துக்கொண்ட விஷம். அது புரதமாக உருவானால் பாக்டீரியாவின் சொந்தச் சவ்விலேயே ஓட்டை விழுந்து, அதன் சக்தியெல்லாம் வடிந்துபோகும். அப்படி ஆகாமல் காப்பது ஒரு குட்டி ஆர்.என்.ஏ. விஷத்தைச் செய்யச் சொல்லி மரபணுவிலிருந்து ஒரு தூது ஆர்.என்.ஏ. கிளம்பும். குட்டி ஆர்.என்.ஏ. அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் அந்தத் தூதைச் செல்லால் படிக்க முடியாது, விஷமும் உருவாகாது. அதற்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான், வாயைப் பொத்துவது.

இங்கே "மிண்டாதே" என்று ஒரு சொல் உண்டு. வாயைத் திறக்காதே என்று அர்த்தம். மலையாளிகளும் சொல்வார்கள், எங்கள் தெரு மாமிகளும் சொல்வார்கள். எங்கள் ஆய்வகத்தில் இந்த ஆர்.என்.ஏ.வுக்கு "மிண்டாதே" என்றுதான் பெயர். கட்டுரையில் மட்டும் மரியாதையாக அதன் முழுப் பெயரைப் போடுவோம்.

ஆக, எனக்குக் காய்ச்சல் வந்து, இடது விலாவுக்குக் கீழே கையை வைக்க முடியாமல் வலித்து, சிறுநீரைப் பரிசோதித்து, "ஈ.கோலை" என்று முடிவு வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்ததற்கு நன்றாக நன்றி காட்டிவிட்டது என்று நினைத்தேன். ஆய்வகத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று தெருவில் ஒரு பேச்சு. அப்படியில்லை. நாங்கள் வளர்ப்பது பல தலைமுறையாகக் கண்ணாடிக் குடுவைக்குள்ளேயே செல்லமாக வளர்ந்து, வெளியே போனால் பிழைக்கத் தெரியாத ரகம். என்னைப் பிடித்தது ஊர் சுற்றுகிற ரகம்.

மருத்துவமனை வெளிநோயாளர் பகுதியில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை உடைத்துக் கொல்லுகிற மருந்து அது. இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டு முடித்தேன். ரசம் சாதம் ருசித்தது. அடுத்த வாரமே, மத்தியானம் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, பல் கிட்டிப்போகிற மாதிரி குளிர் மறுபடியும் வந்தது. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "எந்தா, பனியா?" என்றாள். கல்யாணமான புதிதில் இப்படி ஒருத்தி கேட்டபோது நான் வானத்தைப் பார்த்திருக்கிறேன். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். இந்த ஊர் மொழியில் பாதி, தமிழ் வார்த்தைகள் வேஷம் கட்டிக்கொண்டு நடமாடுவதுதான்.

கிருமியை மறுபடி வளர்த்துப் பார்த்தார்கள். அதே கிருமி, அதே மருந்துக்குச் சாகிறது என்றே முடிவு வந்தது. சாகிற கிருமி ஏன் சாகவில்லை? மற்ற நோயாளிகள் இந்தக் கேள்வியை மருத்துவரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். எனக்குத்தான் பதில் ஒன்று தெரியுமே. மருந்து டி.என்.ஏ.வை உடைக்கும்போது பாக்டீரியா அலறிப்புடைத்து அந்த விஷ மரபணுவின் தூதை ஏராளமாக அனுப்பும். "மிண்டாதே" எத்தனை வாயைத்தான் பொத்தும்? கொஞ்சம் விஷம் உருவாகிவிடும். அந்தப் பாக்டீரியா சாகாது, சக்தி குறைந்து தூங்கிவிடும். மருந்து வேலை செய்கிற பாக்டீரியாவைத்தான் கொல்லும், தூங்குகிறதை ஒன்றும் செய்ய முடியாது. மருந்து நின்றபின் அது எழுந்து சோம்பல் முறிக்கும். இது குடுவையில் நான் கண்ணால் பார்த்தது. என் சிறுநீரகத்திலும் அதேதான் நடந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பயத்துக்கு ஆதாரமா வேண்டும்?

உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். இந்த ஊர் மருத்துவமனையில் கூட இருப்பவருக்குப் பெயர் "பைஸ்டாண்டர்". எல்லாவற்றுக்கும் அந்த ஆள் வேண்டும். மருந்து வாங்க, சோதனைக்கு ரத்தம் எடுத்த குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓட, கஞ்சி வாங்க, கையெழுத்துப் போட. என் கணவர் வரக்கூடாது. கொடுத்த சிறுநீரகத்தை உடம்பு வெளியே தள்ளிவிடாமல் இருப்பதற்காக, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையை அவர் தினமும் சாப்பிடுகிறார். மருத்துவமனைக் காற்று அவருக்கு ஆகாது. திருநெல்வேலியிலிருந்து என் தங்கை கோமு, மறுநாள் காலை ரயிலில் தம்பானூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். ஒரு பை நிறைய பருப்புப்பொடி, மனசு நிறைய அக்கறை, மலையாளத்தில் ஒரு வார்த்தை கூடத் தெரியாது.

கோமுவைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். என் தலையைப் பின்னி, பாதத்துக்கு எண்ணெய் தடவி, டிரிப் ஏறுகிற பாட்டிலைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். ஆனால் நர்ஸ் எது சொன்னாலும், "அக்கா, இவ என்ன சொல்றா?" என்று என்னை எழுப்பிவிடுவாள். தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதை நர்ஸ் "வெள்ளம் குடிக்கணும்" என்று சொன்னபோது, "வெள்ளம்னா அவ்வளவு தண்ணியா?" என்று மிரண்டாள். என்னை எல்லோரும் "டீச்சர்" என்று கூப்பிட்டதும் அவளுக்குப் புரியவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு கேள்வி கேட்கிற பெண் எவளானாலும் இங்கே டீச்சர்தான் என்று விளக்கினேன்.

சாப்பாடு வீட்டிலிருந்து வந்தது. தெருவில் முறை போட்டுக்கொண்டார்கள்: ஒரு வீட்டில் இட்லி, ஒரு வீட்டில் கஞ்சியும் பயறும், ஒரு வீட்டில் மிளகுக்குழம்பு. மிளகுக்குழம்பை மட்டும் கோமு சாப்பிட்டாள். தூக்கின் மூடியில் இவர் கையால் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும்: "உப்பு இல்லை. உன் சொத்து பத்திரம்." இவர் ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் செய்வார். பில் எவ்வளவு, காப்பீடு எவ்வளவு தரும் என்பதையெல்லாம் அவரே பேசி முடித்து, என் காதில் ஒரு எண் கூட விழாமல் பார்த்துக்கொண்டார். இது அவர் செய்த பெரிய உபகாரம்.

ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருப்பது தனிக் கலை. தண்ணீரைக் குடித்து நிறைத்துக்கொண்டு உட்கார வேண்டும். நம் முறை வரும்போது உள்ளே அவசரக் கேஸ் போகும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, நான் அவரைப் பார்த்து, இருவரும் சிரிக்கக்கூட பயந்தோம்.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா வந்தார். சிறுநீரக மருத்துவர், சென்னையில் படித்தவர், என்னிடம் தமிழ்தான் பேசுவார். சிறுநீரகத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு சீழ்க்கட்டி இருக்கிறது என்றார். மாத்திரை அங்கே சரியாக எட்டவில்லை. அதனால்தான் திரும்ப வந்திருக்கிறது.

நான் விடவில்லை. தூங்குகிற கிருமி, குட்டி ஆர்.என்.ஏ., எல்லாவற்றையும் படுத்தபடியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் மலையாளத்துக்கு மாறிவிட்டார்.

"டீச்சரே, அது உறங்ஙியாலும் ஒளிச்சாலும் எனிக்கு ஒண்ணுதன்னே."

தூங்கினாலும் ஒளிந்தாலும் அவருக்கு ஒன்றுதானாம். மருந்தை மாற்றி, நரம்பு வழியாக, நீண்ட நாள் கொடுத்துப் பார்ப்பது. கட்டி சுருங்கினால் தப்பித்தோம். சுருங்காவிட்டால் ஊசி போட்டு வடிக்க வேண்டும். அதுவும் சரிப்படாவிட்டால்?

"இன்னொரு கிட்னி இருக்கறவங்கன்னா இதை எடுத்துடலாம்னு சொல்லுவேன். உங்ககிட்ட அதைச் சொல்ல முடியாது. கிரியேட்டினின் ஏறிட்டிருக்கு. கிட்னி தாங்கலைன்னா டயாலிசிஸ்தான்" என்றார்.

கிரியேட்டினின் என்பது ரத்தத்தில் சேர்கிற ஒரு கழிவு. சிறுநீரகம் ஒழுங்காக வடிகட்டினால் அது குறைவாக இருக்கும், சிறுநீரகம் சோர்ந்தால் ஏறும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்காத நாள் கிடையாது. இவருடைய கிரியேட்டினின் ஏறி ஏறிப் போன காலத்தில் நான் அனுபவித்த பயம் அப்படியே திரும்பி வந்தது.

டாக்டர் போனதும் கோமுவின் கையைப் பிடித்தேன்.

"அவர்கிட்ட மிண்டாதே. கட்டி, கிரியேட்டினின், டயாலிசிஸ், ஒண்ணும் சொல்லப்படாது. தெரிஞ்சா, தன்னாலதான் எனக்கு இந்த கதின்னு உக்காந்துடுவர்."

"மிண்டாதேன்னா?"

"வாயைத் திறக்காதே."

"சத்தியமா மிண்ட மாட்டேன்" என்றாள். அவளுடைய முதல் மலையாளம். அவள் கேட்டாளே என்று அந்த விஷ மரபணுக் கதையையும் அவளுக்குச் சொல்லி வைத்தேன். அந்தக் கதைதான் எனக்கே வினையாக முடிந்தது.

அன்றைக்கு நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் திரும்பவே இல்லை. கஞ்சி வேண்டாம் என்றேன். போன் அடித்தால் எடுக்கவில்லை. மருந்து ஏற்ற வந்த நர்ஸ் ஜின்சி, "டீச்சரே, விஷமம் உண்டோ?" என்று கேட்டாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவள் வெளியே போய், வராந்தாவில் நின்ற கோமுவிடம் அக்கறையாகச் சொல்லியிருக்கிறாள்:

"டீச்சர்க்கு நல்ல விஷமமுண்டு, கேட்டோ. ஒற்றைக்கு விடண்டா."

டீச்சர் ரொம்ப மனசு கஷ்டத்தில் இருக்கிறார், தனியாக விடாதீர்கள் என்று அர்த்தம். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம். தமிழில் விஷமம் என்றால் குறும்பு. காய்ச்சலில் கிடக்கிற அக்கா குறும்பு செய்ய வழியில்லை என்பது கோமுவுக்குத் தெரியும். அவள் காதில் விழுந்தது விஷம். அதுவும் நல்ல விஷம். சாதாரண விஷம் கூட இல்லை!

மிண்டாதே என்ற சத்தியமெல்லாம் காற்றில் போயிற்று. உடனே போன். "அத்திம்பேர், அக்காவுக்கு உடம்பெல்லாம் விஷம் ஏறிடுத்தாம்! தனியா விடாதேங்கறா! அந்தக் கிருமி தூங்கி எழுந்துடுத்து. கிட்னில கட்டி வேற. டயாலிசிஸ்னு டாக்டர் சொன்னா. நான் சொன்னேன்னு சொல்லிடாதேங்கோ!"

ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க், அதற்கு மேல் கொரோனா காலத்துக் கண்ணாடித் தடுப்பு, கையில் சானிட்டைசர். கீழே செக்யூரிட்டி, பார்வையாளர் நேரம் இல்லை என்று நிறுத்தியிருக்கிறார்.

"ஞான் விசிட்டரல்ல" என்றாராம் இவர். "ஞான் அவளுடே கிட்னி வாங்ஙிச்ச ஆளாணு."

நான் அவளுடைய கிட்னியை வாங்கிக்கொண்ட ஆள் என்று ஒருவர் வந்து நின்றால் எந்தச் செக்யூரிட்டிக்கும் என்ன செய்வதென்று தெரியாது. விட்டுவிட்டார்.

அறை வாசலில் மூச்சு வாங்க நின்றார். "எவ்வளவு ஏறியிருக்கு?"

"என்னது?"

"விஷம்!"

நான் கோமுவைப் பார்த்தேன். கோமு ஜின்சியைப் பார்த்தாள். "இவதான் சொன்னா. நல்ல விஷம் உண்டுன்னு என் காதால கேட்டேன்" என்றாள். ஜின்சிக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. விளங்கியதும் மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானை இல்லாத குறைக்குக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பைஸ்டாண்டர் நாற்காலியில் உட்கார்ந்தவர், கண்ணாடித் தடுப்புக்குள்ளே அழ ஆரம்பித்தார். தடுப்பு ஆவி படிந்து முகமே தெரியாமல் போயிற்று.

"விஷம் இல்லை, சரி. மத்ததெல்லாம்?" என்றார்.

"மத்ததெல்லாம் நிஜம்" என்றேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அத்தனை நேரம் நெஞ்சில் வைத்து அமுக்கியது, சொன்னவுடன் லேசாகிவிட்டது. இவர் கண்ணாடித் தடுப்பைத் துடைத்துக்கொண்டார்.

"வேணும்னா திருப்பித் தரேன். எனக்கென்ன, டயாலிசிஸ் பழகின இடம்தானே. எந்த நாற்காலிக்கு மேலே ஃபேன் ஓடும்னு கூட எனக்குத் தெரியும்."

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. உண்மையிலேயே கொடுத்துவிடுவார், எனக்குத் தெரியும். "கொடுத்தாச்சு. கேஸ் நிக்காது" என்று மட்டும் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தார். இவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார். "இங்கே எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ஒண்ணும் கிடையாது. சங்கரன் சார், நீங்க முதல்ல வெளியே போங்க. ஒருத்தருக்குத்தான் எங்கிட்ட பெட் இருக்கு" என்று விரட்டினார். போகும்போது இவர் நல்ல பிள்ளையாக தான் உட்கார்ந்த நாற்காலியையும் சானிட்டைசரால் துடைத்துவிட்டுப் போனார்.

அதன்பின் நாட்கள் நன்றாகவே போயின என்றால் நம்ப மாட்டீர்கள். சாயங்காலம் ஆனால் எதிர்ச்சாரியில் சாயாக்கடை வாசலில் ஒரு கருப்புக் குடை விரியும். ஜன்னலிலிருந்து கோமு கையை ஆட்டுவாள், குடை இரண்டு தடவை மேலே போய் வரும். அன்றைய கிரியேட்டினினைப் போனில் நானே சொல்வேன், கூட்டாமல் குறைக்காமல். நல்லதென்றால் ஒரு சாயா கூடுதலாகக் குடிப்பார். கெட்டதென்றாலும் குடிப்பார். இரவில் ஊசிக் குழாய் குத்திக்கொண்டு தூக்கம் வராதபோது கோமு ஜின்சியிடம் கற்ற மலையாளத்தை என்னிடம் ஒப்பிப்பாள். "விஷமிக்கண்டா" என்று தேற்றுவாள். வருத்தப்படாதே என்று அர்த்தம், இப்போது அவளுக்குச் சரியாகத் தெரியும்.

கிரியேட்டினின் முதலில் ஏறாமல் நின்றது, பிறகு இறங்கியது. மறு ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. ஊசி வேண்டாம் என்றார்கள். தூங்கின கிருமிகள் எழுந்து புது மருந்தில் மாட்டிக்கொண்டனவா, ஒளிந்திருந்தவை அகப்பட்டனவா, தெரியாது. எனக்கும் டாக்டரம்மா சொன்னதுதான் இப்போது, ஒண்ணுதன்னே. வீட்டுக்கு வந்து சூடாகக் குளித்து, அப்பளம் சுட்டு, மோர் சாதம் சாப்பிட்ட அந்த மத்தியானத்தைப் போல ஒரு மத்தியானம் என் வாழ்க்கையில் இல்லை.

ஒரு மாதம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்தே சோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். முடிவைப் பார்த்து டாக்டரம்மா திருப்தியாகத் தலையை ஆட்டினார். எனக்குச் சிறுநீரகம் கொஞ்சம் வலுவிழந்திருக்கிறது, ஆனால் காலம் முழுக்க ஓடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். இவருடையதற்கு, "பிரமாதம்" என்று ஒரே வார்த்தை.

திரும்பி வரும் ஆட்டோவில் இவர் எங்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பிரித்தார். இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கொடுக்கிறவருக்கு நல்லதை விட்டுவிட்டு, இரண்டில் சற்று மட்டமானதைத்தான் டாக்டர்கள் எடுப்பார்கள். அன்று எங்களிடம் அப்படித்தான் சொல்லி எடுத்தார்கள். இப்போது அந்த மட்டமானதுதான் இவருக்குள் இருந்துகொண்டு என்னுடையதைவிட நன்றாக வேலை செய்கிறது.

"உனக்குன்னு வச்சுண்டது நலிஞ்சு போச்சு. எனக்குக் கொடுத்தது நன்னா இருக்கு. இது நியாயமாடீ?" என்றார்.

"என்கிட்டயே இருந்திருந்தா அதுவும் இந்தக் காய்ச்சல்ல மாட்டிண்டிருக்கும். உங்ககிட்ட கொடுத்ததாலதான் ஒண்ணாவது தப்பிச்சுது" என்றேன்.

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, முன்னால் குனிந்து, பள்ளமும் மேடுமாக இருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார்.